சுருட்டி எடுத்துச் செல்லும் போர்க்களம்

யோஹான் கிறிஸ்டியான் லூட்விக் ஹெல்விக், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் அரண்மனையில் வளர்ந்த இளைஞர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். பூச்சிகளைச் சேகரித்து வகைபிரிப்பதிலும் பெயர் வாங்கியவர். அவருடைய மாணவர்களில் பலர் நாளைக்குப் படையதிகாரிகள் ஆகவேண்டியவர்கள். அவர்களுக்குப் போர்முறையைச் சலிப்புத் தட்டாமல் புகட்ட, எல்லாருக்கும் தெரிந்த சதுரங்கத்தையே எடுத்து விரித்துப் பெரிதாக்கினார். 1780இல் வெளியான அவருடைய ஆட்டத்தின் பலகையில் நீளவாக்கில் 49, அகலவாக்கில் 33 என்று மொத்தம் 1,617 கட்டங்கள்.

கட்டத்தின் நிறமே நிலத்தைச் சொல்லும். சிவப்பு மலை, நீலம் தண்ணீர், இளம்பச்சை சதுப்பு, கரும்பச்சை காடு. பழைய கறுப்பும் வெள்ளையும் சமவெளி. ராஜாவை மடக்குவதற்குப் பதிலாக எதிரியின் கோட்டையைப் பிடிக்க வேண்டும். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையை எட்டுக்கு எட்டில் அடக்கி இந்தியாவில் பிறந்த ஆட்டம், பாரசீகமும் அரபு நாடுகளும் கடந்து ஐரோப்பா போய், ஆயிரம் ஆண்டுக்கு மேல் கழித்துப் பீரங்கியும் பாலமும் பதுங்குகுழியுமாக வேடம் மாறிக்கொண்டது.

வேடம் மாறியதில் ஒரு சிக்கலும் வந்தது. கட்டம் ஒன்றுக்கு ஓர் அங்குலம் என்று வைத்தாலே ஹெல்விக்கின் பலகை நான்கடிக்கு மேல் நீளும். அடுத்து வந்த கேயோர்க் வெந்தூரினி 1797இல் கட்டங்களை 3,600 ஆக்கி, பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் இடைப்பட்ட உண்மையான நிலத்தையே அதில் வரைந்தார். விதிகளும் பெருத்தன. ஆட்டத்தைச் சுமப்பதும் கடினம், கற்பதும் கடினம் என்றானது.

நிஜப் போர்க்களத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறார்களா என்ன? பிரஷ்யாவின் பிரெஸ்லாவ் நகரில் அரசு அலுவலராக இருந்த கேயோர்க் லெயோபோல்ட் ஃபொன் ரைஸ்விட்ஸ் கட்டத்தையே தூக்கி எறிந்தார். மணலைக் குவித்து மேடும் பள்ளமும் செய்து ஆடிக்கொண்டிருந்த அவருடைய ஆட்டம் 1811இல் அரச குமாரர்களின் காதுக்கும், அவர்கள் வழியாக மன்னர் மூன்றாம் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்மின் காதுக்கும் எட்டியது. மணலை அரசர் முன் கொண்டுபோய்க் கொட்டலாமா? மறு ஆண்டு அவர் அரண்மனைக்குக் கொண்டுவந்தது ஏறக்குறைய ஆறடிச் சதுரத்தில் ஒரு மேசை. அதன்மேல் மூன்று நான்கு அங்குலச் சாந்துத் துண்டுகள். ஆறு, சாலை, காடு, ஊர் எல்லாம் அவற்றில் செதுக்கி வண்ணம் பூசியவை. துண்டுகளை மாற்றி அடுக்கினால் புதிய நிலம். காய்களுக்கும் கருவிகளுக்கும் அடியில் இழுப்பறைகள். கட்டம் இல்லாததால் காய்கள் விருப்பம்போல் நகர்ந்தன. தூரத்தை அளவுகோல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அரச குடும்பத்துக்கு ஆட்டம் மிகவும் பிடித்துப்போனது. ஆனால் அரண்மனை இல்லாதவர் அந்த மேசையை எங்கே போட்டுக்கொள்வது?

அந்தக் கேள்விக்கு விடை கண்டவர் மகன் ரைஸ்விட்ஸ், காவல்படைப் பீரங்கிப் பிரிவில் ஓர் இளம் லெப்டினன்ட். 1824இல் அவர் வெளியிட்ட ஆட்டத்தில் சாந்தும் மேசையும் இல்லை. 1:8,000 அளவில் வரைந்த காகித வரைபடம், படைகளுக்குச் சிறு உலோகக் கட்டைகள், பகடை, அளவுகோல் இவ்வளவுதான். ஒரு முறை நகர்த்துவது களத்தில் இரண்டு நிமிடத்துக்குச் சமம். ஆட்டத்தைப் பார்த்த படைத் தலைமையதிகாரி முஃப்லிங், இது பொழுதுபோக்கல்ல, போருக்கான பள்ளி என்று மகிழ்ந்ததாகச் சொல்வார்கள். படைப்பிரிவுகள்தோறும் ஆட்டம் பரவியது. அதை உருவாக்கியவரோ சில ஆண்டுகளில் பெர்லினிலிருந்து தொலைவில் இருந்த டோர்காவுக்கு மாற்றப்பட்டு, 1827இல் தற்கொலை செய்துகொண்டார்.

மகனின் ஆட்டத்தை ஒரு பெட்டியில் எடுத்துப் போகலாம் என்பது உண்மை. ஆனால் பலகை இழந்த எடை நடுவரின் தலையில் ஏறியது. இரு தரப்பும் தங்கள் கட்டளையை அவரிடம் சொல்ல, அவர்தான் அளந்து, பகடை உருட்டி, அட்டவணை பார்த்து, யார் கண்ணுக்கு எது தெரியும் என்று தீர்மானித்துக் காயை வைக்க வேண்டும். அது எவ்வளவு பெரிய பாரம் என்பதற்குப் பிரஷ்யப் படையதிகாரி வெர்டி டு வெர்னுவா சாட்சி. 1876இல் அவர் விதிப்புத்தகத்தையே ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பு ஒன்றே போதும் என்றார். அப்படிப்பட்ட நடுவர் பிரஷ்யப் படையில் கிடைப்பார். வெளியூரில் இரண்டு நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட உட்கார்ந்தால் எங்கே கிடைப்பார்?

நடுவர் இல்லாமல் ஆடிக் காட்டியவர்களும் உண்டு. நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ புத்தகத்தில் பொம்மைக் காலாள் ஒரு முறைக்கு ஓரடி, குதிரைவீரன் இரண்டடி. தூரத்தைக் கயிற்றால் அளக்க வேண்டும். சுருள்வில் வைத்த பொம்மைப் பீரங்கி நிஜமாகவே மரக்குச்சியைச் சுடும்; எவன் விழுந்தானோ அவன் செத்தான். சச்சரவுக்கு இடமில்லாத அருமையான விதி, ஆனால் அதற்கு ஒரு பெரிய அறையின் தரையும் தவழ்வதற்கு முழங்காலில் வலுவும் வேண்டும்.

ராணுவமும் தேவை வந்தபோது கோடுகளிடம் திரும்பியது. 1942 ஜனவரியில் லிவர்பூலின் டெர்பி ஹவுஸ் மேல்மாடியில் கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்த நேரம். அறையின் தரையில் பத்தங்குலத்துக்கு ஒரு கோடு. இரு கோடுகளுக்கு இடையே ஒரு கடல் மைல். கப்பல்களை நகர்த்திச் சாக்பீஸால் தடம் வரைந்தவர்கள் கடற்படையின் பெண்கள் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள். அதிகாரிகள் திரைக்குப் பின்னால் நின்று ஓட்டை வழியாக மட்டும் பார்க்கலாம். நீர்மூழ்கியின் தடம் பச்சைச் சாக்பீஸில். அந்தக் கோணத்தில் பழுப்புத் தரையோடு அது கலந்து மறைந்துவிடும். எதிரியின் முறைகளைக் கண்டுபிடித்து முறியடிக்கும் தந்திரங்கள் இந்தத் தரையில்தான் உருவாகின. யாராலும் சுருட்டிக் கக்கத்தில் வைக்க முடியாத கட்டப்பலகை அது.

கட்டத்தை வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் மேரிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் ராபர்ட்ஸ். 1954இல் தபால் வழியே அவர் விற்ற ‘டாக்டிக்ஸ்’ ஆட்டம் சதுரக் கட்டம் கொண்டது. சுமார் 2,000 பிரதிகள் போயின. அந்த ஊக்கத்தில் 1958இல் அவலான் ஹில் நிறுவனம் தொடங்கியது. அவருடைய சாதனை இதுதான். அட்டைக் காயில் வலிமையும் வேகமும் எண்களாக அச்சிட்டிருக்கும், பலகையில் கட்டம், பக்கத்தில் பகடை எண்ணுக்கு விளைவு சொல்லும் சிறு அட்டவணை. நடுவரையும் சேர்த்து மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார் என்றே சொல்லலாம்.

சதுரத்துக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. மூலைவாக்கில் நகரும் காய், நேராக நகரும் காயைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு தூரம் போய்விடுகிறது. ராண்ட் ஆய்வு நிறுவனம் அறுகோணக் கட்டங்களைப் பயன்படுத்துவதைப் பார்த்த ராபர்ட்ஸ், 1961 முதல் அவற்றுக்கு மாறினார். அறுகோணத்தில் ஆறு பக்கத்து அண்டைவீட்டாரும் ஒரே தூரம். ஆனாலும் அதில் எல்லாத் திசையிலும் நேர்கோடு போக முடியாது; சில திசைகளில் வளைந்து வளைந்துதான் போக வேண்டும். தெருவும் சுவரும் நிறைந்த ஊர்ச்சண்டைக்குச் சதுரமே வசதி. அவலான் ஹில்லே ‘கெட்டிஸ்பர்க்’ ஆட்டத்தை 1961இல் அறுகோணத்துக்கு மாற்றி, 1964இல் மறுபடி சதுரத்துக்குத் திரும்பியது.

அதன்பின் பலகை மெலிந்துகொண்டே போனது. கெட்டியான அட்டையின் இடத்தில் மடித்த காகிதம் வந்தது. மடிப்பு எழும்பிக் காய்களைச் சரித்துவிடும் என்பதால் ஆட்டக்காரர்கள் மேலே கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகட்டை வைப்பார்கள். 1977இல் ஸ்டீவ் ஜாக்சனின் ‘ஓகர்’ ஒரு பிளாஸ்டிக் பையில் 2.95 டாலருக்கு வந்தது: ஒரு பக்கம் ராட்சத டாங்கி ஒன்றே ஒன்று, மறுபக்கம் ஒரு படை. சட்டைப்பைக்குள் போகும் போர்.

பொம்மை வீரர்களை விடமாட்டேன் என்பவர்களுக்கும் வழி பிறந்தது. ஜோசப் மோர்ஷாசர் 1962இல் எழுதிய கையேட்டில் பொம்மைகளைக் கூட்டமாகப் பீடத்தில் ஒட்டி நகர்த்தச் சொன்னார்; கட்டம் போட்ட மேசைக்கும் விதிகள் எழுதினார். அவரைப் பின்பற்றிய இங்கிலாந்தின் பாப் கார்டெரி, ஒரு சதுரங்கப் பலகையளவு இடத்திலேயே முழுப் போரை முடிக்கும் விதிகளைப் புத்தகங்களாக வெளியிட்டார். ரிச்சர்ட் போர்க்கின் ‘மெமாயர் 44’ (2004) குறுக்கே 13, நெடுக்கே 9 வரிசை அறுகோணங்களில் நார்மண்டித் தரையிறக்கத்தை ஒரு மாலைப்பொழுதுக்குள் அடக்கியது. கட்டம் நிஜத்தைக் குறைக்கிறது என்று மூக்கைச் சுளிப்பவர்கள் இன்றும் உண்டு. அளவுநாடாவோடு மணிக்கணக்கில் அரை அங்குலத்துக்குச் சண்டைபோடுவதில்தான் நிஜம் இருக்கிறது என்றால், அவர்கள் சொல்வது சரிதான்.

இன்று இப்படியொரு பலகையைத் தேடுபவருக்கு இரண்டு வழிகள் முன்னே நிற்கின்றன. ஒன்று, கல்லிஸ்ட்ரா நிறுவனத்தின் ஹெக்ஸான் போன்ற 100 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் அறுகோணத் துண்டுகள். மேடு, ஆறு, சாலை என்று அடுக்கினால் கண்ணுக்கு விருந்து. ஆனால் காரின் பின்பகுதி நிறைந்துவிடும். இன்னொன்று, ஒரு பக்கம் ஓரங்குலச் சதுரமும் மறுபக்கம் அறுகோணமும் அச்சிட்ட வினைல் விரிப்பு. 25 மில்லிமீட்டர் பீடம் சதுரத்துக்குள் அளவெடுத்ததுபோல் உட்காரும். ஈரத்துணியால் துடைத்தால் போகும் மையில் ஆறும் காடும் வரைந்துகொள்ளலாம். மடிக்கக் கூடாது, சுருட்டித்தான் வைக்க வேண்டும். மடிப்புத் தடம் எளிதில் போகாது. சிவப்பு மையில் வரைந்ததை அன்று இரவே துடைத்துவிடுவது நல்லது, விட்டுவைத்தால் வினைலில் கறையாக ஊறிவிடும்.