மேரி கே டிரியோ

மேரி கே டிரியோ, 1950களில் ஐக்கிய அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் புகழ்பெற்று விளங்கிய இசைக்குழு ஆகும். பாடகியும் கிதார் கலைஞருமான மேரி கே, அவரது சகோதரர் நார்மன் கே, அக்கார்டியன் வாசிப்பாளரும் நகைச்சுவையாளருமான பிராங்க் ராஸ் ஆகிய மூவர் இக்குழுவில் இருந்தனர். சூதாட்ட விடுதிகளின் மதுக்கூட மேடையில் விடியும்வரை நடைபெறும் லவுஞ்ச் நிகழ்ச்சி என்னும் கலை வடிவம் லாஸ் வேகஸில் வேரூன்ற இவர்களே காரணம் எனப் பரவலாகக் கருதப்படுகிறது.

குடும்பப் பின்னணி

மேரி கே (ஜனவரி 9, 1924 - பிப்ரவரி 17, 2007) மிச்சிகன் மாநிலத்தின் டிட்ராய்ட் நகரில் பிறந்தார். இயற்பெயர் மலியா காஐஹுவே. தந்தை ஹவாய்த் தீவைச் சேர்ந்தவர். "ஜானி உகுலேலே" என்ற மேடைப்பெயரால் அறியப்பட்டவர். உகுலேலே என்பது கிதாரை ஒத்த, நான்கு தந்திகளைக் கொண்ட சிறிய இசைக்கருவி. 1915 இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்குப் பின்னர் ஹவாய் இசை அமெரிக்கப் பெருநிலத்தில் பெரும் மோகமாகப் பரவியது. ஜானி போன்ற பல ஹவாய்க் கலைஞர்கள் ஊர் ஊராகச் சென்று வாசித்துப் பிழைக்க இம்மோகமே வழி செய்தது. 1893 இல் ஆட்சியை இழந்த அரசி லிலியுவோகலானியின் வழியில் வந்த குடும்பம் இது என்றும் கூறப்படுவதுண்டு.

மேரியும் நார்மனும் சிறு வயதிலேயே தந்தையின் குழுவில் மேடையேறினர். பின்னர் தனிக் குழு அமைத்தபோது முதலில் குடும்பப் பெயரையே சூட்டினர். அப்பெயர் அமெரிக்கர்களின் வாயில் எளிதில் நுழையாததால், அது "கே" எனச் சுருக்கப்பட்டது.

லவுஞ்சின் தொடக்கம்

லாஸ் வேகஸ் விடுதிகளில் அக்காலத்தில் இரண்டு வகை இசை இருந்தது. ஒன்று, பெரிய அரங்கில் இரவு உணவு வேளையிலும் நள்ளிரவிலும் நடைபெற்ற நட்சத்திர நிகழ்ச்சி. மற்றது, மதுக்கூடத்தின் மூலையில் யாரும் பெரிதாகக் கவனிக்காத பின்னணி இசை. நள்ளிரவு நிகழ்ச்சி முடிந்ததும் அரங்கிலிருந்து வெளிவரும் கூட்டம் உறங்கச் சென்றுவிட்டால் சூதாட்ட மேசைகள் வெறிச்சோடிவிடும் என்பது விடுதி உரிமையாளர்களின் கவலை.

1950களின் தொடக்கத்தில் லாஸ்ட் பிரான்டியர் விடுதியில் மேரி கே குழுவை மேலும் சில வாரங்கள் வைத்துக்கொள்ள விடுதியினர் விரும்பினர். ஆனால் பெரிய அரங்கில் இடமில்லை. எனவே மதுக்கூடத்திலேயே ஒரு மேடை அமைக்கப்பட்டது. நிகழ்ச்சி நேரம் அதிகாலை 1 மணி முதல் 6 மணி வரை. நுழைவுக் கட்டணம் கிடையாது. அருந்தும் பானத்திற்குப் பணம் கொடுத்தால் போதும். சூதாட்ட மேசைகள் சில அடி தூரத்தில் இருந்தன. தங்கள் நிகழ்ச்சிகளை முடித்துக்கொண்டு வந்த பிராங்க் சினாட்ரா போன்ற நட்சத்திரங்களும் இங்கு அமரத் தொடங்கினர். நட்சத்திரங்களைப் பார்க்கக் கூட்டம் வந்தது. வந்த கூட்டம் சூதாடியது. அரங்க நிகழ்ச்சிக்காகப் பெருந்தொகை செலவிட்ட விடுதிகளுக்கு இது மலிவான, ஆதாயம் மிகுந்த ஏற்பாடாக அமைந்தது.

ஐந்து மணி நேரத்தை எழுதி வைத்த பாடல்களைக் கொண்டு மட்டும் நிரப்ப இயலாது. மேரி ஜாஸ் கிதார் வாசித்துப் பாட, நார்மன் உடன் பாட, ராஸ் இடையில் புகுந்து பாடலைக் கேலி செய்வார். பார்வையாளர்களும் இக்கேலிக்குத் தப்புவதில்லை. மேடையில் ஒருவர் மனத்தை மற்றவர் முன்கூட்டியே அறிய வேண்டிய இவ்வகை நிகழ்ச்சிக்குக் குடும்பக் குழுக்கள் மிகவும் பொருந்தின. 1954 இல் சகாரா விடுதியின் லவுஞ்சில் தோன்றிய லூயி பிரீமா, கீலி ஸ்மித் தம்பதியரும், இரட்டையரான கிளாட், கிளிஃப் சகோதரர்களின் டிரெனியர்ஸ் குழுவும் இதே வழியில் புகழ்பெற்றனர்.

இசைத்தட்டுகள்

மேடைப் புகழுக்கு ஈடாக இசைத்தட்டுகள் விற்கவில்லை. டெக்கா, வார்னர் பிரதர்ஸ் முதலிய நிறுவனங்கள் இவர்களது தட்டுகளை வெளியிட்டன. 1959 இல் ஒரு பாடல் பில்போர்டு ஹாட் 100 பட்டியலின் கீழ்ப்பகுதியில் இடம்பெற்றது. அதிகாலை மூன்று மணிக்கு அந்த அறையில் நிகழ்ந்த வேடிக்கையை ஒலிப்பதிவுக் கூடத்தில் கொண்டுவர இயலாததே இதற்குக் காரணமாகலாம்.

பெண்டர் கிதார்

இன்று மேரி கேயின் பெயரை அதிகம் உச்சரிப்பவர்கள் கிதார் சேகரிப்பாளர்களே. 1956 இல் பெண்டர் நிறுவனத்தின் விளம்பரப் படத்தில், வெளிர் நிற உடலும் பொன்முலாம் பூசிய உலோகப் பாகங்களும் கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிதாருடன் அவர் தோன்றினார். அதே ஆண்டு வெளியான "சா-சா-சா பூம்!" திரைப்படத்திலும் குழு இடம்பெற்றது. அந்நாள் முதல் அந்த நிறச் சேர்க்கை கொண்ட கிதார்கள் "மேரி கே" என்றே அழைக்கப்படுகின்றன. வியப்பு என்னவெனில், படத்தில் இருந்த கிதார் அவருக்குச் சொந்தமானதன்று. படப்பிடிப்பு முடிந்ததும் திருப்பி எடுத்துக்கொள்ளப்பட்டது. அவர் வழக்கமாக வாசித்தது டி'ஆஞ்செலிகோ வகைக் கிதார். 2005 இல் பெண்டர் நிறுவனம் அவர் பெயரில் நினைவுப் பதிப்பு ஒன்றை வெளியிட்டது.

பிற்காலம்

ராக் இசையின் எழுச்சியால் இரசனை மாறியது. குழு 1966 இல் கலைந்தது. மறு ஆண்டே நார்மன் கே நெவாடா மாநிலத்தின் அரசவைக் கவிஞராக நியமிக்கப்பட்டார். அவர் 2012 இல் காலமானார். மேரி கே 2007 பிப்ரவரியில் லாஸ் வேகஸில் காலமானார். லாஸ்ட் பிரான்டியரின் இடத்தில் 1955 இல் எழுந்த நியூ பிரான்டியர் விடுதி, அதே 2007 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.