கைட் (கேரளம்)

கைட் என்பது கேரளப் பொதுக் கல்வித் துறையின் கீழ் இயங்கும் அரசு நிறுவனம். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கணினிவழிக் கற்பித்தல், ஆசிரியர் பயிற்சி, நிர்வாக மென்பொருள் ஆகியவை இதன் பொறுப்பு. விஞ்ஞானி யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி, 2001இல் ‘ஐடி அட் ஸ்கூல்’ என்ற திட்டமாகத் தொடங்கியது, 2017இல் நிறுவனமானது.

2005இல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் தகவல் தொழில்நுட்பம் கட்டாயப் பாடமாயிற்று. ஆரம்பத்தில் பள்ளிக் கணினிகளில் விண்டோஸ்தான் இருந்தது. ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எதிர்ப்புத் தெரிவிக்கவே, பள்ளிகள் படிப்படியாக லினக்ஸுக்கு மாறின. திட்டம் எடுத்த முடிவுகளில் தலையாயது இதுவே. உரிமக் கட்டணம் மிச்சமானது ஒரு பங்குதான். பாடத்திட்டத்துக்கு ஏற்ப மென்பொருளைத் தாங்களே திருத்தி, எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே தொகுப்பாகக் கொடுக்க முடிந்தது பெரும்பங்கு. எடுத்துக்காட்டாக, கணித வகுப்பில் ஒரு மாணவி அந்தத் தொகுப்பிலுள்ள ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுக்கிறாள். மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன, கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையிலேயே நிற்கிறது. இதைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்களைப் பழக்கும் ‘மாஸ்டர் டிரெய்னர்’களும் பள்ளி ஆசிரியர்களே. வகுப்பறையின் நெருக்கடி தெரிந்தவர்கள் என்பதால் அவர்கள் பேச்சு எடுபட்டது.

நிர்வாகத்துக்கு ‘சம்பூர்ணா’ என்ற மென்பொருள் உண்டு. சேர்க்கை, மாற்றுச் சான்றிதழ் முதலியவை அதில் நடக்கின்றன. கேரளத்தில் கல்வியாண்டின் ஆறாம் வேலை நாளில் எடுக்கும் மாணவர் கணக்கை வைத்தே ஆசிரியர் பணியிடங்கள் தீர்மானிக்கப்படும். அந்தக் கணக்கும் சம்பூர்ணாவிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஒரு பெயர் விடுபட்டாலும் ஓர் ஆசிரியரின் வேலைக்கே ஆபத்து வரலாம் என்பதால், தலைமையாசிரியர்கள் இந்தப் பதிவில் மிகுந்த கவனம் வைப்பது இயல்பு.

2018இல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டம் 8 முதல் 12 வரையிலான வகுப்புகளின் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் ப்ரொஜெக்டரும் தந்தது.

நிறுவனத்தின் தொலைக்காட்சியான விக்டர்ஸை 2005 ஜூலை 28இல் அப்துல் கலாம் திருவனந்தபுரத்தில் தொடங்கிவைத்தார். முந்தைய ஆண்டு இஸ்ரோ ஏவிய எடுசாட் செயற்கைக்கோள்தான் அதற்கு அடித்தளம். கொரோனா ஊரடங்கில், 2020 ஜூன் 1 முதல் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் இதில் ஒளிபரப்பாகின. தமிழ், கன்னட வழி மாணவர்களுக்கும் தனி வகுப்புகள் தயாரிக்கப்பட்டன. ஆனால் ஏறத்தாழ 2.6 லட்சம் மாணவர்களின் வீட்டில் அப்போது தொலைக்காட்சியோ இணையமோ இல்லை. பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். இருபது ஆண்டுக் கட்டமைப்பும் எட்டாத இடம் அது. நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் தொலைக்காட்சி வைத்து, அவர்களை அங்கே வரவழைத்துப் பாடம் காட்ட வேண்டியிருந்தது.