மொட்டைக் கடுதாசியின் விலை

எங்கள் வங்கிக் கிளைக்கு வருஷத்துக்கு இரண்டு மூன்று மொட்டைக் கடுதாசிகள் வந்துவிடும். பெயரில்லாத புகார்களின் மீது நடவடிக்கை வேண்டாம் என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999லேயே சொல்லிவிட்டது. நடவடிக்கை எடுப்பதில்லை. ஆனால் கிளையில் அத்தனை பேரும் படித்த பிறகுதான் அது ஃபைலுக்குப் போகிறது. இன்று கைபேசியில் முகமற்றவர்கள் எழுதுவதற்கும் இதற்கும், வேகம் தவிர, பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்தத் தொழிலை ஜீவனோபாயமாகவே ஆக்கிக்கொண்ட ஒருவன் பதினெட்டாம் நூற்றாண்டில் இருந்தான். தெவனோ த மொராந்த். பிரான்ஸில் சிறைக்குப் போய்வந்து 1770ல் லண்டனுக்கு ஓடியவன். அடுத்த வருஷமே 'கவசமணிந்த செய்தியாளன்' என்ற புத்தகம் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. பாஸ்டீல் சிறைக்கு நூறு காதத்துக்கு அப்பால் அச்சிட்டது என்று முகப்பிலேயே கேலி. மந்திரிகள், பிரபுக்கள், பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகி த்யு பாரி சீமாட்டி, யாரும் தப்பவில்லை. இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எழுதியதில் சில பொய்தான் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். எது பொய் என்று பிரித்தெடுக்கும் வேலையை வாசகனிடம் விட்டுவிடுகிறான். அங்கேயே வாசகன் கூட்டாளியாகிவிடுகிறான். அவதூறின் பலம் எழுதுகிறவனிடம் பாதிகூட இல்லை.

பிறகு த்யு பாரியின் 'ரகசிய வாழ்க்கை' அச்சாகப் போவதாக மிரட்டல். அவனைக் கடத்திவரப் பாரிஸிலிருந்து ஆட்கள் அனுப்பப்பட்டார்கள். லண்டன் பத்திரிகைகளில் மொராந்த் கூக்குரலிட, வந்தவர்கள் தப்பித்து ஓட வேண்டியதாயிற்று. கடைசியில் 1774ல் பேரம் பேசப் போனவர் நாடகாசிரியர் பொமார்ஷே. அந்த பிப்ரவரியில்தான் பாரிஸ் நீதிமன்றம் அவருடைய குடியுரிமைகளைப் பறித்திருந்தது. அரசனுக்குச் சேவை செய்தால் மானம் திரும்பும் என்ற நம்பிக்கை. தன் குடும்பப் பெயரான காரோனைத் திருப்பிப் போட்டு, 'ரோனாக்' என்ற பொய்ப் பெயரில் போனார். பெயரற்றவனைச் சமாளிக்கப் பெயரை மறைத்தவர்! ரொக்கமாக ஒரு தொகை, அதன்மேல் வருஷத்துக்கு 4,000 லீவ்ர் பென்ஷன். பிரதிகள் லண்டனுக்கு வெளியே ஒரு சூளையில் எரிந்தன. சில வாரங்களில், மே 10ஆம் தேதி, அரசன் இறந்துபோனான். பொமார்ஷேக்கு எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை.

கணக்கு எழுதிப் பழகியவனுக்கு மிச்சம் சுலபமாகப் புரியும். மௌனத்துக்குச் சந்தை விலை உண்டென்று தெரிந்தபின் லண்டனில் இத்தகைய எழுத்தாளர்கள் பெருகினார்கள். மொராந்தோ கட்சி மாறி பிரெஞ்சு அரசின் உளவாளியானான். 1784ல் பிரிஸ்ஸோ அவதூறு எழுதியதாகச் சந்தேகிக்கப்பட்டு பாஸ்டீலில் அடைபட்டபோது, அவர் குற்றம் சாட்டியது மொராந்தைத்தான். த்யு பாரியும் பிரிஸ்ஸோவும் 1793ல் கில்லட்டினில் இறந்தார்கள். மொராந்த் 1805 வரை வாழ்ந்து, பிறந்த ஊரிலேயே செத்தான்.

இதை எழுதும் எனக்கும் யோக்யதை குறைவு. பல வருஷங்களுக்கு முன் ஒரு சிறுபத்திரிகையில் ஒரு கவிஞரைப் பற்றிப் பெயர் போடாமல் நாலு வரி நையாண்டி எழுதினேன். யார் எழுதியிருப்பார்கள் என்று அவர் என்னிடமே வந்து கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் கேட்டது கோபத்தில் அல்ல.

பொமார்ஷேயின் 'செவில்லே நகரத்து நாவிதன்' 1775ல் மேடையேறியது. அதில் பாஸில் என்ற சங்கீத வாத்தியார், எதிரியை ஒழிக்க அவதூறே சிறந்த வழியென்று யோசனை சொல்கிறான். சூளைக்கு முன்பே எழுதத் தொடங்கிய நாடகம்தான். ஜனங்கள் சிரித்தார்கள்.