பிணைச் சீர்திருத்தம் (புதுச்சேரி)

கைதான ஒருவரைத் தீர்ப்பு வரும்வரை சிறையில் வைப்பதா, வெளியே விடுவதா, விடுவதென்றால் எதை ஈடாக வாங்கிக்கொண்டு விடுவது? இந்தக் கேள்விகளுக்குப் புதுச்சேரியை ஆண்ட சட்டங்கள் காலந்தோறும் வேறு வேறு விடை சொல்லியிருக்கின்றன. தமிழ்நாட்டில் பிணையின் வரலாறு ஆங்கிலேயர் சட்டத்தோடு தொடங்குகிறது. புதுச்சேரியில் அதன் முற்பாதி பிரெஞ்சுக்காரருடையது. பிற்பாதி 1963 அக்டோபர் 1ஆம் தேதி தொடங்குகிறது.

இவ்வூரின் பழைய விசாரணைக் கைதிகளில் ஆவணங்கள் நிறைய உள்ளவர் நயினியப்பப் பிள்ளை. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த அவர், ஆளுநர் எபேரின் உத்தரவால் 1716 பிப்ரவரியில் கைதானார். தீர்ப்பு அதே ஆண்டு ஜூனில் வந்தது. இடைப்பட்ட நான்கு மாதமும் அவர் கோட்டைக் காவலில் இருந்தார். 50 சவுக்கடி, மூன்றாண்டுச் சிறை, சொத்துப் பறிமுதல் என்பது தண்டனை. 1717இல் சிறையிலேயே இறந்தார். மகன் குருவப்பப் பிள்ளை பிரான்சுக்கே சென்று முறையிட்டார். தீர்ப்பு தவறு என்று பாரிசு ஒப்புக்கொண்டபோது விடுவிப்பதற்கு ஆள் இல்லை. பிணைச் சட்டம் எதற்காக வேண்டும் என்பதைப் புதுச்சேரிக்குச் சொல்ல வேறு எடுத்துக்காட்டு தேவையில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சட்டத்தொகுப்புகள் இங்கும் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் மூலமான 1808ஆம் ஆண்டுக் குற்ற விசாரணைத் தொகுப்பு, தற்காலிக விடுதலையைக் கஞ்சத்தனமாகவே தந்தது. கடும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அது கிடையாது. நாடோடிகளுக்கும் முன்பே தண்டனை பெற்றவருக்கும் கிடையாது. மற்றவர் கட்டவேண்டிய ஈட்டுத்தொகை 500 பிராங்குக்குக் குறையக்கூடாது. 1848 புரட்சி அந்த அடித்தொகையை நீக்கியது. பிரான்சில் 1865 ஜூலை 14ஆம் தேதிச் சட்டம் இன்னும் தாராளம் காட்டியது: இரண்டாண்டுக்குக் குறைந்த சிறைத் தண்டனைக்குரிய குற்றமென்றால், முதல் விசாரணை முடிந்த ஐந்தாம் நாள் விடுதலை உரிமையாயிற்று. ஆனால் நிலையான வசிப்பிடம் உள்ளவருக்கு மட்டுமே அந்த உரிமை. ஏழைக்கு எதிரான இந்த நிபந்தனை பிரெஞ்சுச் சட்டம் போன பிறகும் ஊரைவிட்டுப் போகவில்லை.

அதே காலத்தில் எல்லைக்கு அப்பால், ஆங்கிலேய இந்தியாவில், 1861 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இருந்தது. ஜாமீனில் விடக்கூடிய குற்றம், விடமுடியாத குற்றம் என்ற பிரிவினை அதன் அடித்தளம். இரண்டாம் வகையில் எல்லாம் நீதிபதியின் விருப்பம். அந்த விருப்பம் அரசியல் கைதிகளிடம் எப்படி நடந்துகொண்டது என்பதைப் புதுச்சேரி நேரில் கண்டது. 1910 ஏப்ரலில் இங்கு வந்து இறங்கிய அரவிந்தர், அதற்கு முன் அலிப்பூர் வழக்கில் ஓராண்டு முழுவதும் விசாரணைக் கைதியாக இருந்து 1909 மே மாதம் குற்றமற்றவர் என்று விடுதலையானவர். பாரதியாரின் நிலை தலைகீழ். பத்தாண்டு பிரெஞ்சு மண்ணில் பாதுகாப்பாக இருந்தவர், 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கும் மேல் கிடந்தார்.

1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகமும், 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி சட்டப்படியான உரிமையும் இந்தியாவுக்கு மாறின. மறு ஆண்டு அக்டோபரில் 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டது. பிரெஞ்சு முறையின் புலன்விசாரணை நீதிபதி என்ற பதவி மறைந்து, காவல் ஆய்வாளரும் குற்றவியல் நடுவரும் அந்த இடத்துக்கு வந்தார்கள். வழக்கறிஞர்கள் ‘ரிமாண்ட்’, ‘ஜாமீன்’, ‘ஷ்யூரிட்டி’ என்று பேசத் தொடங்கினார்கள். ஆனால் வந்து சேர்ந்ததும் பழைய சட்டமே. புலன்விசாரணை முடியாவிட்டாலும் காவலை நீட்டிக்கொண்டே போக அதில் வழி இருந்தது.

1974 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டம் அதை அடைத்தது. குறித்த நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் கைதிக்கு ஜாமீன் உரிமை. முதலில் 60 நாள்; 1978 திருத்தத்துக்குப்பின் கடுங்குற்றங்களுக்கு 90 நாள். சட்ட ஆணையம் 1969இல் பரிந்துரைத்த முன்ஜாமீனும் அப்போதுதான் இடம்பெற்றது. முன்ஜாமீன் வசதியுள்ளவர்களுக்கே மிகுதியும் பயன்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வழக்கு வரப்போகிறது என்று முன்கூட்டியே அறிந்து உயர்நீதிமன்றத்துக்கு வக்கீல் வைக்கக்கூடியவர் யார்?

நீதிமன்றங்கள் பேசத் தொடங்கியது எழுபதுகளின் பிற்பாதியில். 1978இல் மோதிராம் வழக்கு. கொத்தனார் ஒருவருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்ட நடுவர், அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி ஜாமீன்தாரரை ஏற்க மறுத்தார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடுவித்தார். மறு ஆண்டு ஹுசைனாரா காத்தூன் வழக்கு. பீகார் சிறைகளில் உள்ளவர்களைப் பற்றி கே.எஃப். ருஸ்தம்ஜி இந்தியன் எக்ஸ்பிரஸில் எழுதிய கட்டுரைகளை வைத்து வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்சநீதிமன்றம் சென்றார். குற்றம் நிரூபணமானாலும் கிடைத்திருக்கக்கூடிய தண்டனையைவிட அதிகக் காலம் சிலர் சிறையில் இருந்தது வெளியாயிற்று. பணத்தை மட்டும் பார்க்காமல், அந்த ஆளுக்கு ஊரில் வேர் இருக்கிறதா, குடும்பம், தொழில் உண்டா என்று பார்த்து விடலாம் என்றார் நீதிபதி பகவதி. நியூயார்க்கில் 1961இல் தொடங்கிய மன்ஹாட்டன் ஜாமீன் திட்டம் பரிசோதித்துக் காட்டிய முறை அது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பரில் பண ஜாமீனை அடியோடு ஒழித்தது. இங்கோ ஜாமீன்தாரர் இன்னும் கூண்டருகே நிற்கிறார்.

அவர் எப்படி நிற்கிறார் என்பதைக் குருசுக்குப்பத்திலிருந்து பார்க்கலாம். வைத்திக்குப்பத்தை ஒட்டி, நகரின் வடக்குக் கடலோரத்தில் உள்ள மீனவர் பகுதி இது. பழைய சிறை நேரு வீதியில் இருந்த காலத்தில் நடந்தே போய்ப் பார்த்து வர முடிந்தது. இன்று நீதிமன்ற வளாகம் தெற்கே கடலூர் சாலையில். மத்திய சிறை வடக்கே காலாப்பட்டில். ஜாமீன் உத்தரவு கிடைத்ததும் வீட்டார் இரண்டு ஜாமீன்தாரர்களைத் தேடவேண்டும். ஆதார், ரேஷன் அட்டை, புகைப்படம், வீட்டுவரி ரசீது. சில நடுவர்கள் ஒருவராவது இரத்த உறவாக இருக்கவேண்டும் என்பார்கள். வீட்டுக்குப் பட்டா இல்லை, வரி ரசீது தாத்தா பெயரில் என்றால் அன்று வேலை நடக்காது. ‘இவரை உங்களுக்கு எப்படித் தெரியும், என்ன வழக்கு தெரியுமா’ என்ற கேள்விக்குத் தடுமாறினாலும் அப்படித்தான். எல்லாம் சரியாக முடிந்தாலும் விடுதலை ஆணை மாலைக்குள் சிறை போய்ச் சேராவிட்டால் மறுநாள்தான் கதவு திறக்கும். பிறகு நிபந்தனை: தினமும் காலை 10 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. விடியுமுன் கடலுக்குப் போகிறவனுக்கு அது தொழிலை விட்டுவிடு என்பதற்குச் சமம்.

2005ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தச் சிக்கலைக் கொஞ்சம் தொட்டது. ஜாமீனில் விடக்கூடிய குற்றத்தில் கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் தர முடியாதவரை ஏழை என்று கருதிச் சொந்தப் பிணையில் விடவேண்டும். உச்சத் தண்டனையில் பாதியைக் கழித்த விசாரணைக் கைதியையும் பொதுவாக விடவேண்டும் (மரண தண்டனைக்குரிய குற்றங்கள் நீங்கலாக). 2014இல் அர்னேஷ் குமார் தீர்ப்பு, ஏழாண்டு வரை தண்டனைக்குரிய வழக்குகளில் எடுத்த எடுப்பில் கைது செய்வதைக் கண்டித்தது. 2022 ஜூலையில் சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் உச்சநீதிமன்றம் ஜாமீனுக்கென்றே தனிச் சட்டம் இயற்றும்படி ஒன்றிய அரசைக் கேட்டுக்கொண்டது. அந்த ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல்.

சிறப்புச் சட்டங்கள் இந்த ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் போயின. திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத்தில் 2020 அக்டோபரில் கைதாகி, ஜாமீன் கிடைக்காமலே 84 வயதில் 2021 ஜூலை 5ஆம் தேதி இறந்தார். பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் 2023 ஜூனில் கைதான அப்போதைய தமிழக அமைச்சர் செந்தில் பாலாஜிக்குப் பதினைந்து மாதம் கழித்தே உச்சநீதிமன்றம் ஜாமீன் தந்தது. அமைச்சருக்கே இப்படி என்றால் கஞ்சா வழக்கில் சிக்கிய கூலிக்காரனின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதி உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு கழித்தாலே விடவேண்டும் என்கிறது அதன் 479ஆம் பிரிவு. ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. பழைய வழக்குகளுக்கும் இந்தச் சலுகை உண்டு என்று அதே ஆண்டு ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை. ஒரே கைதில் மூன்று நான்கு வழக்கைச் சேர்த்துப் போடும் வழக்கம் உள்ள நாட்டில், இந்த ஒரு வரி அந்தப் பிரிவையே பாதி வெறுமையாக்கிவிடுகிறது. தனி ஜாமீன் சட்டமும் வரவில்லை.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களுக்காக 2023 ஜனவரி 31ஆம் தேதி உச்சநீதிமன்றம் வழிமுறைகள் வகுத்தது. ஏழு நாளில் கைதி விடுதலையாகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்கவேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவதை நீதிமன்றமே முன்வந்து பரிசீலிக்கலாம். ஏழைக் கைதிகளுக்கான ஒன்றிய அரசுத் திட்டத்தில் விசாரணைக் கைதிக்குப் பண உதவி உண்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் உத்தரவு வந்தும் ஏழு நாளுக்கு மேல் உள்ளே இருந்தால், உத்தரவு நகலை எடுத்துக்கொண்டு சட்டப் பணிகள் ஆணைய அலுவலகத்துக்குப் போங்கள். போக முடியாதவர்கள் 15100 என்ற இலவச எண்ணில் அழைக்கலாம்.