பகை நரம்பும் நட்பு நரம்பும்

இசை பயிலத் தொடங்கும் மாணவனுக்கு நாம் முதலிற் கொடுப்பது ஒரு சொற்பட்டியல். சுருதி, சுவரம், ஆரோகணம், அவரோகணம், இராகம், தாளம் என்று அது நீள்கிறது. அவன் அதனை மனனஞ் செய்கிறான், பரீட்சையில் எழுதுகிறான், பின்னர் மறந்துவிடுகிறான். அச்சொற்கள் யாருடைய செவியிலும் விரலிலும் பிறந்தன என்பதை எவரும் அவனுக்குச் சொல்வதில்லை. அதைச் சொல்வதற்கே இக்கட்டுரை.

பழந்தமிழர் ஏழிசைக்கு இட்ட பெயர்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன. ஏழும் நிற்பது பண்; ஆறு பண்ணியல்; ஐந்து திறம். தாழ்ந்த ஒலியை மெலிவு என்றும், நடுவொலியைச் சமன் என்றும், உயர்ந்த ஒலியை வலிவு என்றும் வகுத்தனர். சுவரத்துக்கே ‘நரம்பு’ என்னும் பெயரும் வழங்கிற்று. யாழின் நரம்பை முறுக்கிக் கட்டிய கை சூட்டிய பெயர் அது. ஏட்டறிவுக்கு முன்னர்க் கைத்தொழில் இருந்தது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஓர் இசைக்கும் மற்றோர் இசைக்கும் உள்ள தொடர்பைக் குறிக்க அவர்கள் தேர்ந்த சொற்கள் இன்னும் சிந்தனைக்குரியவை. இணை, கிளை, பகை, நட்பு என அவை நான்கு. சிலப்பதிகாரத்து வேனிற்காதையில் மாதவி தன் யாழைச் சோதிக்கும்போது இந்நான்கையுமே நோக்குகின்றாள். நின்ற நரம்பிலிருந்து எண்ணினால் ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை. கிளை என்றால் சுற்றம். மனிதர் தம்முட் கொண்ட உறவையே ஒலிகளுக்கும் பெயராக்கிய மக்கள் இவர்கள்.

இவ்வுறவு வெறுங் கற்பனையன்று, கணக்கிலும் நிற்பது. குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என அலகுகள் மொத்தம் 22. குரலிலிருந்து இளிக்கு ஏற 13 அலகு. உழைக்கு ஏற 9 அலகு. இரண்டுங் கூடினால் 22. குரல் மீண்டும் வலிவிற் பிறக்கிறது. நரம்பின் நீளத்தை மூன்றாகப் பகுத்து இரண்டு கூற்றை மீட்டினால் இளி. நான்காகப் பகுத்து மூன்று கூற்றை மீட்டினால் உழை. பாதியை மீட்டினால் மேற்குரல். இதனைக் கண்டறியப் பெரிய சங்கீத மண்டபம் வேண்டுவதில்லை. எங்கள் எழுவைதீவு போன்ற ஒரு மீனவத் தீவில், ஒரு பலகையும் இரண்டு ஆணியும் இழுத்துக் கட்டிய தூண்டில் நைலோன் நூலும் போதும்.

இனி மேனாட்டைப் பார்ப்போம். ஐரோப்பியத் துறவிமடங்களில் 9ஆம் நூற்றாண்டளவில், ஒரு குரலுக்கு இணையாக மற்றொரு குரல் ஐந்தாவது அல்லது நான்காவது இசையில் நின்று பாடும் முறை ஏட்டில் எழுதப்பட்டது. நம் கிளையும் நட்புமே அங்கும் முதலில் ஏற்கப்பட்டன. மூன்றாவதும் ஆறாவதும் நெடுங்காலம் ஐயத்துடனேயே நோக்கப்பட்டன. 15ஆம் நூற்றாண்டளவிலே அவை முழு உரிமையுடன் உள்ளே வந்தன. இன்று ஹார்மனி என்று வழங்கும் ஒத்திசையின் அடிப்படை, குரல், கைக்கிளை, இளி மூன்றையும் ஒருங்கே ஒலிப்பது. நம் உரையாசிரியர் பகையென்ற மூன்றாம் நரம்பு அதன் நடுவே வீற்றிருக்கின்றது!

இதனால் பெறப்படுவது யாது? நரம்பின் கணக்கு இயற்கையினது. பகை, நட்பு என்னும் தீர்ப்போ மனிதர் காலந்தோறும் செய்தது. செய்ததை மாற்றவும் இயலும். நம் இசை பண்ணின் ஒழுக்கை வளர்த்தது. ஐரோப்பிய இசை பல குரல்களின் சேர்க்கையை வளர்த்தது. ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்பார் வரலாறு அறியாதார். தம்புராவிற் குரலும் இளியும் ஓயாது சேர்ந்தொலிக்க அதன்மீது பாடும் நமக்கு ஒத்திசை முற்றிலும் அந்நியமன்று. முருகன் கோயில் நாதசுரமும் கத்தோலிக்கத் தேவாலயத்தின் ஆர்மோனியமும் ஒரே கடற்காற்றில் மிதக்கும் எங்கள் தீவில், இரண்டையும் ஒருவன் தன்னுடையதென்று கேட்கத் தடையென்ன?

ஆயினும் வேறொரு பகையை மறக்கலாகாது. யாழ் மீட்டிய பாணர் சங்ககாலத்தில் வேந்தரின் அவையில் அமர்ந்தனர். பத்திக் காலத்திலோ திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைக் கோயில் வாயிலிலே நின்று பாடியதாகப் பெரியபுராணம் கூறுகின்றது. அவரை உள்ளே அழைக்க இறைவனின் ஆணை வேண்டியிருந்தது. இசையில் கிளையும் நட்பும் கண்டவனைச் சமுதாயம் கிளையாகவும் கொள்ளவில்லை, நட்பாகவும் கொள்ளவில்லை. யாழ் மறைந்தது. பாணன் ஒருவன் யாழ் வாசித்துப் பரிசிலாகப் பெற்ற நிலம் என்று ஐதிகங் கூறும் யாழ்ப்பாணத்திலும் யாழ் பெயரளவிலேயே எஞ்சியது.

சொற்கள் மட்டும் உரைநூல்களில் உறங்கின. 1892இல் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையுடன் பதிப்பித்தார். 1917இல் ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ தஞ்சையிலிருந்து வெளிவந்தது. காரைதீவிற் பிறந்து, யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்த விபுலானந்த அடிகள், பௌதிகக் கணக்கும் பழந்தமிழ்ப் புலமையும் ஒன்றுசேர ‘யாழ்நூல்’ எழுதினார். 1947 சூனில் அது திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. மறுமாதமே அடிகள் மறைந்தார். கிறித்தவர் ஒருவரும் இந்துத் துறவி ஒருவரும் ஒரே புதையலைத் தோண்டினர் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி.

மீட்டெடுத்த சொற்களை மீண்டும் பரீட்சைப் பட்டியலிற் பூட்டிவைப்பது அவர்களின் உழைப்புக்குச் செய்யும் நன்றியாகாது. சட்சம் என்பதற்குப் பதில் குரல் என்று எழுதச் செய்தால் மட்டும் இசை மக்களுடையதாகிவிடாது. பறையடிப்பவரின் பிள்ளையும் வலையிழுப்பவரின் பிள்ளையும், தம் வீட்டிற் கேட்கும் ஒலிக்கும் இலக்கணம் உண்டு என்பதை அறிய வேண்டும். நண்பர்களே, சொல்லைக் கொடுக்குமுன் நரம்பைக் கொடுங்கள். பிள்ளை தானே மீட்டி, எது கிளை, எது பகை என்று தன் செவியாற் சொல்லட்டும். பெயரைப் பின்னர்ச் சொல்லிக்கொள்ளலாம்.