பெருங்கால்: ஒரு சக்கரத்தின் இரு வரலாறுகள்

தமிழில் 'ஆழி' என்ற சொல் சக்கரத்தையும் குறிக்கும், கடலையும் குறிக்கும். அரசனின் ஆணை சக்கரமாக உருளும் என்பது நம் பழைய கற்பனை. எதிர்ப்பட்டதை அடக்குவது அதன் இயல்பு. சக்கரம் என்றாலே அதிகாரம் என்று எண்ணிப் பழகிய நமக்கு, நிலத்தை நோகவிடாமல் கடப்பதற்கென்றே பெரிதாக்கப்பட்ட சக்கரமும் உண்டு என்பது வியப்பைத் தரலாம். அமெரிக்கப் பிக்கப் வண்டிகளில் பெரிய டயர்கள் ஏறிய வரலாற்றை, இந்த இரண்டு இயல்புகளுக்கும் இடையே நடந்த இழுபறியாக வாசிக்க முடியும்.

அடிப்படைக் கணக்கு எளியது. காற்றடைத்த டயர் தரையில் செலுத்தும் அழுத்தம், ஏறத்தாழ அதனுள் இருக்கும் காற்றின் அழுத்தத்துக்குச் சமம். சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தத்தில் ஓடும் வண்டியின் டயரில் காற்றை 3 பவுண்டாகக் குறைத்தால், அதே எடையைத் தாங்க ஏறத்தாழ பத்து மடங்கு பரப்பு தரையைத் தொட வேண்டும். சிறிய டயரால் அவ்வளவு தட்டையாக விரிய இயலாது. அதன் இரும்பு வளையம் தரையில் இடித்துவிடும். எனவே டயர் உயரமாகவும் அகலமாகவும் இருக்க வேண்டியதாயிற்று. பெருமை காட்ட அன்று, மென்மையாக மிதிக்கவே இந்தச் சக்கரம் பெருத்தது.

1950களின் தொடக்கத்தில் வில்லியம் ஆல்பீ என்ற அமெரிக்கர் 'ரோலிகான்' என்ற வண்டியை உருவாக்கினார். அலாஸ்காவின் பழங்குடி மக்கள், காற்றூதிய கடல்நாய்த் தோல்களை உருளைகளாக இட்டு, கனத்த படகைக் கரையேற்றியதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது என்பர். தலையணை போன்ற உருளைப் பைகளே அவ்வண்டிக்குச் சக்கரம். தரையில் படுத்திருந்த மனிதர்கள்மீது அதை ஓட்டிக் காட்டினார்கள். படுத்திருந்தவர்கள் காயமின்றி எழுந்தார்கள். ஒரு சக்கரத்தின் தகுதிக்கு இதைவிடச் சிறந்த சான்றிதழ் வேண்டுமா?

அதே பத்தாண்டின் நடுவில், ஆர். ஜி. லெட்டர்னோ என்ற பொறியாளரின் நிறுவனம் அமெரிக்க இராணுவத்துக்காக நிலத்தில் ஓடும் தொடர்வண்டிகளைக் கட்டியது. தண்டவாளமோ சாலையோ இல்லாத பனிவெளியில் சரக்கு கொண்டுசெல்வது நோக்கம். அவற்றுக்குப் பொருத்திய டயர்களின் உயரம் 10 அடி. பின்னர், கனத்த சுமை தூக்கும் ஹெலிகாப்டர்கள் வந்ததும் இந்தத் தொடர்வண்டிகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. டயர்கள் மட்டும் எஞ்சின. அவற்றை மீண்டும் சந்திப்போம்.

இனி மிசௌரி மாநிலத்துச் செயிண்ட் லூயிஸ் நகருக்கு வருவோம். கட்டட ஒப்பந்தக்காரரான பாப் சாண்ட்லர், தம் 1974ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-250 பிக்கப் வண்டிக்குப் பெரிய டயர்களை மாட்டத் தொடங்கினார். டயர் பெரிதானால் தொல்லை டயரோடு நிற்பதில்லை. 30 அங்குல டயரின் இடத்தில் 38 அங்குல டயரை மாட்டினால், வேகமானி 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 76இல் ஓடும். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றும் கூடுதல் தூரம் கடப்பதால் இயந்திரத்தின் இழுவிசை போதாமல் போகும். பற்சக்கர விகிதத்தை மாற்ற வேண்டும். பிரேக் பிடிக்கத் தாமதமாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சு முறியும். மயிலிறகானாலும் அளவு மிஞ்சினால் அச்சு தாங்காது என்று அறிந்த மரபு நம்முடையது. சாண்ட்லரும் அச்சுகளை முறித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் இராணுவ லாரிகளின் அச்சுகளைக் கொண்டுவந்து பொருத்தினார். ஓயாமல் எதையாவது உடைக்கும் அவருடைய கனத்த காலைக் கேலி செய்து கடை மேலாளர் சொன்ன 'பிக்ஃபுட்', அதாவது 'பெருங்கால்', வண்டியின் பெயராயிற்று.

1981இல் சாண்ட்லர் ஒரு வயலில் இரண்டு பழைய கார்களை நிறுத்தி, 48 அங்குல டயர் கொண்ட தம் வண்டியை அவற்றின்மீது ஏற்றினார். அதைப் படம்பிடித்துக் கடையில் ஓடவிட்டார். பார்த்த நிகழ்ச்சி அமைப்பாளர் ஒருவர், கூட்டத்தின் முன் இதைச் செய்யுமாறு கேட்டார். 1982இல் மிச்சிகனின் பாண்டியாக் சில்வர்டோம் அரங்கில் 66 அங்குல டயர்களுடன் பெருங்கால் தோன்றியது. 'மான்ஸ்டர் டிரக்' என்ற கேளிக்கை அங்கிருந்து வளர்ந்தது.

வாசகர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அந்த 66 அங்குல டயர்கள் கார்களை நசுக்கச் செய்யப்பட்டவை அல்ல. வயலில் உரம் தூவும் கனத்த எந்திரங்களுக்காக, மண் இறுகிப் பயிரின் வேர் மூச்சுத் திணறாதிருக்க வேண்டுமென்று செய்யப்பட்ட மிதவை டயர்கள் அவை. மண்புழுவுக்கும் இடம் விட்டுச் செல்ல வேண்டிய சக்கரம், கைதட்டலுக்காகக் கார்க் கூரைகளை நொறுக்கியது. 1986இல் உருவான ஐந்தாம் பெருங்காலுக்கு 10 அடி உயர டயர்கள் பொருத்தப்பட்டன. பனியில் அமிழாதிருக்கப் பிறந்து வேலையிழந்த, அதே இராணுவத் தொடர்வண்டியின் டயர்கள்தாம் அவை. அவ்வண்டி பெரும்பாலும் நின்று காட்சி தருவதற்கே பயன்பட்டது.

இந்தக் காலத்திலேயே அட்லாண்டிக்கின் வடக்கில் வேறொரு வரலாறு எழுதப்பட்டது. ஐஸ்லாந்துப் பட்டறைக்காரர்கள் 1980களில் ஜீப்புகளுக்கும் பிக்கப் வண்டிகளுக்கும் 38, 44 அங்குல டயர்களை மாட்டினார்கள். சக்கர வளைவுகளை வெட்டி அகற்றினார்கள், அச்சுகளை இடம் மாற்றினார்கள். பனியாற்றை அடைந்ததும் ஓட்டுநர் இறங்கிக் காற்றைத் திறந்துவிடுவார்; சதுர அங்குலத்துக்கு இரண்டு மூன்று பவுண்டு மட்டும் மீதி வைப்பார். மனிதன் இடுப்பளவு புதையும் பனியில் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வண்டி மேலாக ஊர்ந்து செல்லும். மீட்புக் குழுக்களுக்கு இது விளையாட்டன்று, உயிர்ப் பிரச்சினை. 1990இல் தொடங்கிய ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம் இந்த அறிவை அண்டார்க்டிகா வரை கொண்டுசென்றது. 2007இல் பிபிசியின் 'டாப் கியர்' நிகழ்ச்சிக்காக, அது மாற்றியமைத்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில், வட காந்த முனை 1996இல் இருந்ததாகக் கணித்த இடத்தைச் சென்றடைந்தார்கள்.

அதே ஐஸ்லாந்தில், சாலையை விட்டு விலகி வெற்று நிலத்தில் வண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம். பனியாற்றிலும், உறைந்து பனி மூடிய நிலத்திலும் மட்டுமே விலக்கு. ஒரு டயர்த்தடம் கிழித்த பாசி மீண்டும் படர்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். மிக மென்மையாக மிதிக்கும் சக்கரத்தைக் கண்டறிந்தவர்கள், அதற்கும் எல்லை வகுத்துக்கொண்டார்கள் என்பதே எனக்கு இந்த வரலாற்றின் முதன்மையான பக்கமாகத் தெரிகிறது.

இன்று நகரச் சாலைகளில், ஒருபோதும் பனியையோ சேற்றையோ காணாத பிக்கப் வண்டிகள் பெரிய டயர்களோடு நிற்கின்றன. அவற்றில் காற்று முழுமையாக அடைக்கப்பட்டிருக்கிறது. உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எதற்காகப் பிறந்ததோ அதை விட்டுவிட்டோம். சக்கரத்தில் மட்டும்தானா இப்படி என்று யோசித்துப் பார்க்கலாம்.