தாது வருஷப் பஞ்சமும் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியும்



போன வாரம் வாய்மொழித் தேர்வு முடிந்தது. 66 வயதில் முனைவர் ஆகிவிட்டேன். பகுதி நேர ஆய்வு, ஏழு வருடம் இழுத்துவிட்டது. செய்தி ஊருக்குள் பரவி, நேற்று பால்காரர் "டாக்டருக்குப் படிச்சிருக்கீங்களாமே" என்று முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டார். வாழ்த்தியவர்கள் பலரும் கேட்டது இரண்டு: என்ன தலைப்பு, என்ன புத்தகம் படிக்கலாம்? இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பு, 1876-78 பஞ்சத்தில் பழைய சேலம் மாவட்டத்தில் நிலங்கள் கைமாறிய கதை. நம் பெரியவர்கள் 'தாது வருஷப் பஞ்சம்' என்பார்களே, அதுதான். 31 வருடம் இதை வகுப்பில் இரண்டு வரியில் நடத்தியிருக்கிறேன். லிட்டன் பிரபு காலத்தில் பெரும் பஞ்சம் வந்தது, 1880இல் பஞ்சக் குழு அறிக்கை கொடுத்தது. இரண்டு மதிப்பெண். அவ்வளவுதான்.

அந்த இரண்டு வரிக்குள் என்ன இருந்தது என்று எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. 1876இல் மழை பொய்த்தது. 1877 ஜனவரி 1ஆம் தேதி டில்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்து தர்பார் நடந்தது. அதே மாதம் சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்து நிவாரணக் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்கக் கல் உடைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், சுமார் 450 கிராம், கூடவே கொஞ்சம் சில்லறை. கார்னிஷ் என்ற மாகாணச் சுகாதார ஆணையர், இது உயிர் வாழப் போதாது என்று சண்டை போட்டார். கடைசியில் கூலி சற்று உயர்ந்தது. அதற்குள் போனவர்கள் போனார்கள்.

இந்த டெம்பிள்தான் 1873-74 பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து உயிர்களைக் காப்பாற்றியவர். அதிகம் செலவழித்துவிட்டார் என்று திட்டு வாங்கினார். அந்தத் திட்டுக்குப் பிறகுதான் நம் பக்கம் வந்தார். நல்லவன் கெட்டவன் என்று பிரித்து நடத்துவது வகுப்பறையில் சுலபம். கோப்புகளைப் படித்தபின் என்னால் முடியவில்லை.

சேலம் மாவட்டம் அன்று இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரியையும் சேர்த்தது. 1871 கணக்கெடுப்பில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881இல் சுமார் 16 லட்சம். செத்தவர் எத்தனை, ஊரைவிட்டுப் போனவர் எத்தனை என்பது வேறு கணக்கு.

இனி நான் சொல்லத் தயங்கியது.

எங்கள் பூட்டனார் அந்தப் பஞ்சத்தில் வாசலில் கஞ்சித் தொட்டி வைத்து ஊற்றினார் என்று அப்பாயி சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆய்வு தொடங்கி மூன்றாம் வருடம், வீட்டு இரும்புப் பெட்டியில் அப்பாவின் பழைய பத்திரங்களைப் புரட்டினேன். ஈஸ்வர வருஷம் ஆவணி மாதம் எழுதிய ஒரு கிரயப் பத்திரம். அதாவது 1877 ஆகஸ்டு-செப்டம்பர், பஞ்சத்தின் உச்சம். இரண்டே முக்கால் ஏக்கர் புஞ்சை. விலை, கம்பு இரண்டு மூட்டையும் ரொக்கம் ஒன்பது ரூபாயும். வாங்கியவர் பூட்டனார். விற்றவர் கையெழுத்து இடத்தில் ஒரு கீறல்.

விற்றவர் பெயரைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. அந்தக் காட்டை இன்றும் எங்கள் வீட்டில் அந்தப் பெயரால்தான் சொல்கிறோம். 'இன்னாருடைய காடு' என்று சின்ன வயதிலிருந்து சொல்லியிருக்கிறேன், அந்த இன்னார் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் காட்டு நிலக்கடலை விற்ற காசில்தான் நான் பி.ஏ. படித்தேன்.

கஞ்சி ஊற்றியதும் உண்மையாக இருக்கலாம். பத்திரமும் உண்மை.

அண்ணனிடம் காட்டினேன். "உனக்கு வேற ஊர்ப் பத்திரமே கெடைக்கலையாடா?" என்றார். நியாயமான கேள்விதான். அடுத்தவர் பாட்டன் வாங்கிய நிலத்தைப் பற்றி அதுவரை நான்கு அத்தியாயம் எழுதியிருந்தேன், கூச்சமே இல்லாமல். நம் வீட்டுப் பத்திரத்தை ஒளித்துவிட்டு மீதியை எழுதுவது எப்படி? சேர்த்துவிட்டேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் திறந்து, "தனியார் சேகரிப்பு என்று போட்டிருக்கிறீர்களே, யாருடையது?" என்றார். "எங்களுடையது ஐயா" என்றேன். பின்வரிசையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

சரி, புத்தகங்கள். பஞ்சத்தைப் பற்றி முதலில் படிக்க வேண்டியது வில்லியம் டிக்பி 1878இல் இரண்டு தொகுதிகளாக எழுதியது. அப்போது சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர், பக்கத்திலிருந்து பார்த்தவர். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மைக் டேவிஸின் 'லேட் விக்டோரியன் ஹாலகாஸ்ட்ஸ்' (2001) எல் நினோவையும் ஏகாதிபத்தியத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் புத்தகம். இரவில் படித்தால் தூக்கம் வராது. ஆனால் அதில் லண்டனும் கல்கத்தாவும் பெரிதாகத் தெரிகின்றன, உள்ளூர்க்காரன் சிறிதாகத்தான் தெரிகிறான் என்பது என் குறை. அந்தக் குறைக்கு மருந்து தர்மா குமார் எழுதிய 'லேண்ட் அண்ட் காஸ்ட் இன் சவுத் இந்தியா' (1965). நிலமில்லாத கூலிகளை வெள்ளைக்காரன்தான் உண்டாக்கினான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவனுக்கு முன்பே சாதியோடு ஒட்டிக்கொண்டு அந்த நிலை இருந்தது என்று அவர் காட்டிவிட்டார். எங்கள் வீட்டுப் பத்திரத்தைப் படிக்கும் கண்ணே அந்தப் புத்தகம் கொடுத்ததுதான்.

தமிழில் என்றால் வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்'. பஞ்சம் தாங்காத மக்களுக்காக மதுரைச் சொக்கநாதரே சிவகங்கை ஜமீந்தாருக்குக் கடிதம் எழுதுகிறார்! சிரிக்க வைத்துக்கொண்டே வயிற்றைப் பிசையும் நூல். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே அடங்காது. வரலாறே பிடிக்காது என்பவர்கள் ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'யில் தொடங்குங்கள்.

ஈ.எச். காரின் 'வாட் இஸ் ஹிஸ்டரி?' உண்டு. 1961 கேம்பிரிட்ஜ் சொற்பொழிவுகள், சின்னப் புத்தகம். என் பிரதியை 1998இல் பிளஸ் டூ படித்த ஒரு பையன் வாங்கிப் போனான். தம்பி, இதை நீ படித்துக்கொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. புத்தகத்தோடு வா. ஓரத்தில் பென்சிலால் நான் எழுதிய குறிப்புகளை இப்போது மறுபடி பார்க்க ஆசையாக இருக்கிறது.